ஆடியில சுத்தாதீங்க: மண்டப கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் ஐயாவுக்கும் செயலாளர் அண்ணாவுக்கும் கமிட்டி பெரியவங்க எல்லாருக்கும் வணக்கமுங்க.

போன வாரம் நம்ம வாட்ஸாப் குரூப்ல நீங்க போட்ட நோட்டீசைப் பார்த்தேன். ஆடி மாசம் பூரா மண்டபத்தை மூடறோம், கீழ பந்தி ஹால்ல இருக்கற பீமுக்கும் சமையல்கட்டு பீமுக்கும் கார்பன் ஃபைபர் (கார்பன் இழைத் துணியைப் பசை போட்டு ஒட்டறது) சுத்தப் போறோம், கீழ்நாட்டுல, அதாவது சமவெளியில இருந்து கம்பெனி ஆளுங்க வர்றாங்க, நாலு நாள் வேலை, அப்புறம் அம்பது வருஷத்துக்குக் கவலை இல்லன்னு போட்டிருந்தீங்க. அடியில வரிசையா கை கூப்பற பொம்மை. நான் மட்டும் ஒண்ணும் போடல. அதுக்கு மாமா ஒருத்தர் போன் போட்டு "ஏண்டா உனக்கு ஊர் நல்லதுல சந்தோஷமே கிடையாதா"ன்னு கேட்டுட்டார். எனக்கு வருத்தம்தான், ஏன்னா இதே வேலையைத்தான் நான் பதினாறு வருஷமா கோயம்புத்தூர்லயும் கொச்சியிலயும் சூப்பர்வைசரா நின்னு பார்த்துட்டு கோத்தகிரிக்குத் திரும்பி வந்திருக்கேன். அதனால எல்லாரும் படிக்கற மாதிரி இங்கயே எழுதிடறேன், கொஞ்சம் நீளம்தான், டீ போட்டு வச்சுக்கிட்டு படிங்க.

முதல்லயே சொல்லிடறேன், இந்த ஃபைபர் சுத்தற வேலை ஏமாத்து வேலை கிடையாது. 1991-ல சுவிட்சர்லாந்துல லூசர்ன் ஊர்ப் பக்கம் இபாக் பாலம்னு ஒண்ணு, டிராபிக் சிக்னல் மாட்டறதுக்கு துளை போட்டவங்க தெரியாம உள்ள இழுத்துக் கட்டியிருந்த கம்பியையே அறுத்து விட்டுட்டாங்க. இரும்புத் தகடு ஒட்டியிருந்தா 175 கிலோ தூக்கணும், அந்த இடத்துல வெறும் 6.2 கிலோ கார்பன் பட்டையை ஒட்டி பாலத்தைக் காப்பாத்தினாங்க. அதுல இருந்துதான் உலகம் பூரா இது பரவுச்சு. கார்பன் இழையை இழுத்தா தாங்கற பலம் நாம வீட்டுக்குப் போடற 500 கிரேடு கம்பி மாதிரி ஏழு எட்டு மடங்கு, எடையோ இரும்புல கால்வாசிகூட இல்ல, துருப்பிடிக்காது. ஒரு ரோலை ஒருத்தரே தோள்ல போட்டுக்கிட்டு மாடி ஏறிடலாம். நம்ம மாதிரி லாரி திரும்பவே இடம் இல்லாத மலை ஊருக்கு இது வரப்பிரசாதம்தான், அதுல சண்டையே இல்ல.

ஆனா எவ்வளவு பலமான துணியா இருந்தாலும் அது ஒட்டியிருக்கறது எதுலன்னு பாருங்க. பீமோட மேல்தோல்ல, ரெண்டு மூணு மில்லிமீட்டர் கான்கிரீட்ல. அந்தத் தோலே உள்ள இருந்து விட்டுப் போயிருந்தா நீங்க தங்கத்துல சுத்தினாலும் தோலோட சேர்ந்து கீழதான் வரும்.

நம்ம பீமை நான் பார்த்தேங்க. ரெண்டு வாரம் முன்னாடி வளைகாப்புக்கு வந்தப்ப கடைசிப் பந்தியில உக்காந்திருந்தேன், மேல பார்த்தா அந்த மஞ்சள் பெயின்ட்ல பீமோட அடி ஓரத்துலயே நீளவாக்குல ஒரு கோடு, அஞ்சு ஆறு அடிக்கு, அதுல இருந்து காப்பி டிகாஷன் வடிஞ்ச மாதிரி ஒரு கறை. இலையை மூடிட்டு எல்லாரும் போனப்புறம் பிளாஸ்டிக் சேர் மேல ஏறி பத்து ரூபா காசால தட்டிப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் ணங்கு ணங்குன்னு கெட்டியா கேக்குது, நடுவுல வர வர சத்தம் மாறி பழைய தகர டப்பாவைத் தட்டற மாதிரி டொப்பு டொப்புன்னு கேக்குது. கோட்டு வழியா நகத்தை விட்டு நெம்பினா உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லு கையோட வந்துடுச்சு, பின்பக்கம் பூரா செம்மண் கலர் துரு, கம்பியோட வரி அச்சு அதுல அப்படியே பதிஞ்சிருக்கு. அந்தச் சில்லு இப்ப என் வீட்டு ஜன்னல்ல இருக்கு, யாருக்கு வேணும்னாலும் வந்து பாருங்க. (சேர் மேல ஏறினதுக்கு சமையல் மாஸ்டர் திட்டினது தனி.)

நடுவுல செங்குத்தா அகலமா விரிசல் இருந்தா பாரம் தாங்கலன்னு அர்த்தம், தூண் பக்கத்துல சாய்வா இருந்தா அதைவிட மோசம், ஆனா இப்படி கம்பி போற வழியிலயே நீளமா பிளந்திருக்குன்னா அது துரு வேலை. இரும்பு துருவாகும்போது ரெண்டு மடங்குல இருந்து ஆறு மடங்கு வரைக்கும் ஊதும்ங்க, ஊதினா கான்கிரீட்டைத் தள்ளத்தானே செய்யும். 16 மில்லிமீட்டர் கம்பி துருவுல 14 ஆயிடுச்சுன்னு வையுங்க, ரெண்டு மில்லிதானேன்னு தோணும், கணக்கு போட்டா கம்பியோட பலத்துல கிட்டத்தட்ட கால்வாசி போச்சு.

துரு ஏன் வந்துச்சுன்னு நான் வெளிய யாரையும் கை காட்டப் போறதில்ல. 1987-ல அந்த மண்டபம் கட்டினப்ப கம்பி கட்டினவங்கள்ல எங்கப்பாவும் ஒருத்தர். கேட்டேன். "அப்ப யாருடா கவர் பிளாக் எல்லாம் போட்டது, ஒரு ஜல்லியை எடுத்து கம்பிக்கு அடியில சொருகுவோம், கான்கிரீட் கொட்டும்போது அது எந்தப் பக்கம் ஓடுச்சோ யார் கண்டா"ன்னு சிரிக்கறார். அதான் சில இடத்துல, நீளக் கம்பியைச் சுத்திக் கட்டற ரிங்குக்கும் வெளிக்காத்துக்கும் நடுவுல பூச்சு மட்டும்தான் இருக்கு. அதுக்கு மேல நம்ம மணப்பொண்ணு ரூம் பாத்ரூம் நேரா அந்த பீமுக்கு மேலதான் இருக்கு, அங்க தரையில தண்ணி போற நஹானி டிராப் ஓரத்துல கசியுதுன்னு மூணு வருஷமா மீட்டிங்ல பேசறோம், பேசிட்டு பஜ்ஜி சாப்பிட்டுட்டு வந்துடறோம்.

கம்பெனிக்காரங்க கொட்டேஷனை செயலாளர் அண்ணா எனக்கு அனுப்பினார், நன்றிங்க அண்ணா. அதுல துருவைப் பத்தி ஒரு வரி இல்ல. கசிவைப் பத்தி இல்ல. "மேற்பரப்பை சுத்தம் செய்து ஃபைபர் நான்கு சுற்று" அவ்வளவுதான். கார்பனா கிளாஸா, சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் துணி, எதுவும் இல்ல. கருப்பா இருந்தா கார்பன், வெள்ளையா இருந்தா கிளாஸ், கிளாஸோட விறைப்பு கார்பன்ல மூணுல ஒரு பங்கு, விலையும் அப்படித்தான் இறங்கும், அதனால வெறும் ஃபைபர்னு எழுதினா நாளைக்கு எதைக் கொண்டு வந்தாலும் நீங்க கேக்க முடியாது. அப்புறம் அந்த நாலு சுத்து. பீமைச் சுத்தி எப்படிங்க நாலு சுத்து வரும், மேல ஸ்லாப் உக்காந்திருக்கு, மூணு பக்கம்தான் ஒட்ட முடியும், யூ மாதிரி. தூணைத்தான் முழுசா சுத்தலாம். நாலு லேயர் போட்டா நாலு மடங்கு பலம்னும் நினைக்காதீங்க, லேயர் கூடக் கூட பட்டை விறைப்பாகி முன்னாடியே உரிஞ்சுக்கும், உரியறதை வச்சுக் கணக்கு போட்டா நாலு லேயருக்கு ரெண்டு மடங்கு கிடைச்சாலே பெரிசு. கம்பி ஒடியறதுக்கு முன்னாடி நீண்டு கொடுத்து விரிசல் காட்டி நமக்கு சொல்லிட்டுப் போகும், ஃபைபர் அப்படி சொல்லாது, பட்டுனு போயிடும். அதான் எத்தனை லேயர், எவ்வளவு அகலம், எங்க முடியணும்னு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருத்தர் கணக்கு போட்டு கையெழுத்து போடணும்னு கேக்கறேன். குறை சொல்றதுக்காகக் கேக்கல.

இதெல்லாம் பேசி சரி பண்ணிடலாம். எனக்கு ராத்திரி தூக்கம் வராதது ஆடி மாசத்தை நினைச்சுத்தான்.

நீங்க ஏன் ஆடியை எடுத்தீங்கன்னு புரியுது. முகூர்த்தம் கிடையாது, புக்கிங் கிடையாது, வருமானம் போகாது. ஆனா நம்ம ஊர் ஆடி எப்படின்னு நமக்குத் தெரியாதா? பீரோவுல வச்ச செருப்புல பூஞ்சை, உப்பு ஜாடியில தண்ணி, துவைச்ச சட்டை நாலு நாளா ஈரம், மத்தியானம் மூணு மணிக்கே ஜன்னல் வழியா மேகம் வீட்டுக்குள்ள வந்து உக்காந்துக்கும். துணியை ஒட்டற எபாக்சிங்கற ரெசின் பசைக்கு இந்த ரெண்டுமே ஆகாது, குளிரும் ஈரமும். கான்கிரீட்டோட சூடு பனித்துளி படியற சூட்டுக்கு மேல குறைஞ்சது மூணு டிகிரி இருக்கணும். இங்க ஆடியில பதினஞ்சு டிகிரி, காத்துல ஈரம் தொண்ணூறு சதவீதம்னு வையுங்க, பனி படியற சூடு பதிமூணரை கிட்ட வந்துடும், பீமும் அதே பதினஞ்சுல இருக்கும். வித்தியாசம் ஒண்ணரைதான். கண்ணுக்குத் தெரியாது, கை வச்சா சில்லுன்னு இருக்கும், ஆனா இன்னும் கொஞ்சம் குளிர்ந்தாலே தோல் மேல ஈரம் படிஞ்சிடும், ரெசின் அந்த ஈரத்து மேலதான் உக்காரும். போதாததுக்கு குளிர்ல ரெசின் தேன் மாதிரி கெட்டியாயிடும், துணிக்குள்ள ஊறாது, ரோலரை எவ்வளவு அழுத்தினாலும் நடுவுல காத்து நிக்கும்.

இதை புக்கு படிச்சு சொல்லலைங்க, பட்டு சொல்றேன். வருஷமும் இடமும் வேண்டாம், இதே மலையில ஒரு டீ பேக்டரி, மேல இலை வாட்டற லாஃப்ட், அங்க ஒரு பீம். அப்ப நான் ஒரு கம்பெனியில சூப்பர்வைசர், மேட்டுப்பாளையத்துல இருந்து பசங்க வெறும் டிஷர்ட்டோட ஏறி வந்துட்டாங்க, ஜூலை மாசம். முதல் லேயரை சாயங்காலம் அஞ்சரைக்கு முடிச்சோம், அழகா இருந்துச்சு, கருப்பா கண்ணாடி மாதிரி. மறுநாள் காலைல போய்த் தொட்டா மேல ஒரு வழுவழுப்பு, ஆறின பாயாசத்து மேல ஆடை படிஞ்ச மாதிரி வெள்ளையா மங்கலா ஒண்ணு, விரலால தேச்சா மெழுகு மாதிரி சுருளுது. ராத்திரி ஈரமும் குளிரும் சேர்ந்தா, ரெசினை இறுக வைக்கக் கலக்கற ஹார்டனர்ல இருந்து இப்படி ஒண்ணு மேல வந்து பூத்துக்கும். வெந்நீர் சோப்பு போட்டுக் கழுவி, காய வச்சு, உப்புக் காகிதம் போட்டுத் தேச்சுட்டுத்தான் அடுத்த லேயர் ஒட்டணும்னு எனக்குத் தெரியும்ங்க. தெரிஞ்சும் செய்யல. மேல இருந்து போன் மேல போன், லாரி அன்னிக்கே இறங்கணும்னு. ஒட்டிட்டோம், பெயின்ட்டும் அடிச்சுட்டோம், போட்டோ எடுத்து அனுப்பினோம்.

மூணு மாசம் கழிச்சு கூப்பிட்டாங்க. தட்டினா பாதிக்கு மேல பொள்ளல். ஓரத்துல கத்தியை விட்டு நெம்பி ரெண்டு விரலால பிடிச்சு இழுத்தேன், வாழைமரத்துல மட்டை உரியற மாதிரி சர்ருன்னு ஆறடி உரிஞ்சு வந்துச்சு, ஒரு பொட்டு எதிர்ப்பு இல்ல, பின்பக்கம் வழவழன்னு. ஒழுங்கா ஒட்டியிருந்தா கான்கிரீட்டைப் பிச்சுக்கிட்டுதான் வரும், ஷீட்டுக்குப் பின்னாடி ஜல்லி தெரியணும். அன்னிக்கு அந்த பேக்டரி மேனேஜர் என்னைத் திட்டவே இல்ல, ஒரு டீ கொடுத்தார். அதுதான் இன்னிக்கு வரைக்கும் வலிக்குது.

அதனால நான் கேக்கறது இதுதான். ஆடியில மண்டபத்தை மூடுங்க, ஆனா ஃபைபர் சுத்தாதீங்க. அந்த ஒரு மாசத்துல அதுக்கு முன்னாடி செய்ய வேண்டியதை செஞ்சு முடிங்க. முதல்ல பாத்ரூம் தரையை உடைச்சு டிராப்பையும் பைப்பையும் மாத்தி வாட்டர் ப்ரூஃப் பண்ணி ரெண்டு நாள் தண்ணி கட்டி நிறுத்திப் பாருங்க. அந்த பீமுக்குக் கீழ ஸ்டீல் முட்டு கொடுத்துட்டு, பொள்ளலா இருக்கற கான்கிரீட்டை கம்பிக்குப் பின்பக்கம் விரல் போற அளவுக்கு உடைச்சு எடுக்கணும். எவ்வளவு உடைக்கணும்னு கண்ணால முடிவு பண்ண வேண்டாம், பினாப்தலீன்னு ஒரு மருந்து, புதுசா உடைச்ச இடத்துல தெளிச்சா நல்ல கான்கிரீட் ரோஸ் கலரா மாறும், காரத்தன்மை போன இடம் நிறம் மாறாம அப்படியே சாம்பலாவே நிக்கும். கம்பிக்குப் பக்கத்துல ரோஸ் வரலன்னா அந்தக் கான்கிரீட் இனி கம்பியைக் காப்பாத்தாது. கம்பியைச் சுத்தி துருவை பளபளன்னு சுரண்டி எடுத்து, இளைச்சுப் போன இடத்துல கூடக் கம்பி சேர்த்து, ரிப்பேர் மார்ட்டர் போட்டு நல்லா க்யூரிங் பண்ணணும். சாதா சிமென்ட் மணல் கலவையை அப்பி வைக்கற கதை வேண்டாம், அது தனியா கழண்டு நிக்கும். 0.3 மில்லிமீட்டருக்கு மேல இருக்கற விரிசல்ல எபாக்சி இன்ஜெக்ஷன் போடணும், ஊசி மாதிரி பசையை உள்ள ஏத்தறது. துருவை உள்ளயே வச்சு மேல ஷீட் ஒட்டினா துரு நிக்காது, உள்ளயே ஊதி ஊதி ஒருநாள் ஷீட்டையும் சேர்த்துத் தள்ளும், அதுவரைக்கும் வெளிய பளிச்சுன்னு இருக்கறதால நமக்கும் தெரியாது. இப்பவாவது கறை காட்டிக் கொடுக்குது.

அப்புறம் காய விடுங்க. ஐப்பசி கார்த்திகை மழையும் மார்கழிப் பனியும் போகட்டும், மாசியில சுத்துங்க. வெயில் சுளீர்னு அடிக்கும், காத்து காய்ஞ்சிருக்கும், பகல்ல காலைல பத்துல இருந்து மூணு வரைக்கும் வேலை செஞ்சா போதும். மாசியில முகூர்த்தம் இருக்கே, புக்கிங் போகுமேன்னு பொருளாளர் ஐயா சொல்லுவார், எனக்கு இப்பவே அவர் குரல் கேக்குது. பந்தி ஹால் மட்டும் ஒரு ரெண்டு வாரம் மூடினா போதும்ங்க, மேல தாலி கட்டிக்கட்டும், சாப்பாட்டுக்கு வெளிய ஷாமியானா போட்டுக்கலாம், மாசியில மழையா வரப்போகுது? ஆனா முட்டு இருக்கும்போது மேல எத்தனை பேர் உக்காரலாம்னு இன்ஜினியர் சொல்லணும். கூட்டம் கூடற ஹாலுக்கு ஒரு சதுர மீட்டருக்கு 500 கிலோன்னு கணக்கு வைக்கச் சொல்லுது நம்ம நாட்டுக் கட்டட விதி, கெட்டிமேளம் கொட்டும்போது அத்தனை பேரும் மேடைப் பக்கம் எந்திரிச்சு வர்றதை நினைச்சுப் பாருங்க.

முட்டு கொடுக்கறதைப் பத்தி இன்னொண்ணு. ஷீட் ஒட்டறதுக்கு முன்னாடி ஸ்டீல் முட்டுல இருக்கற ஜாக்கியை லேசா ஏத்தி பீமோட பாரத்தைக் கொஞ்சம் வாங்கிக்கணும், ரெசின் நல்லா இறுகினப்புறம்தான் இறக்கணும். ஒட்டினதுக்கு அப்புறம் வர்ற பாரத்தைத்தான் ஷீட் பங்கு போட்டுக்கும், ஏற்கனவே பீம் சுமந்துக்கிட்டு இருக்கறதை அது தொடக்கூட தொடாது.

சமையல்கட்டு பீமை இந்த லிஸ்ட்ல இருந்தே எடுத்துடுங்க. அதுக்குக் கீழ மூணு விறகு அடுப்பு, முகூர்த்த நாள்ல விடிகாலைல இருந்து அண்டா அண்டாவா கொதிக்குது. எபாக்சி அறுபது எம்பது டிகிரியிலயே இளகிடும். ஷீட்டுக்கு ஒண்ணும் ஆகாது, ஒட்டு விட்டுடும், ஒட்டு விட்டா ஷீட் வெறும் துணி. அமெரிக்க கான்கிரீட் இன்ஸ்டிட்யூட்டோட 440.2 வழிகாட்டியில ஒரு ரூல் இருக்கு, எனக்குப் பிடிச்ச ரூல், ஷீட் மொத்தமா போயிட்டாகூட பழைய பீம் தன் நிலைப் பாரத்துல 1.1 பங்கும் மேல வர்ற பாரத்துல முக்கால் பங்கும் தாங்கணும், தாங்காதுன்னா அந்த பீமுக்கு இந்த வைத்தியமே கிடையாது. சமையல்கட்டுக்கு கம்பி கட்டி கான்கிரீட் ஜாக்கெட் போட்டுடலாம், கொஞ்சம் தடிப்பா தெரியும், தெரியட்டுமே.

சுத்தற அன்னிக்கு கம்பெனிக்காரங்க யாரா இருந்தாலும் சரி, ஊர்க்காரங்க ஒருத்தர் கூட நிக்கணும். நானே நிக்கறேன், சம்பளம் வேண்டாம். பீமோட கீழ் மூலை கூர்மையா இருந்தா இழை அங்கயே வெட்டிக்கும், 13 மில்லிமீட்டராவது உருட்டி கிரைண்டர் போடணும். ரெசினையும் ஹார்டனரையும் தராசுல எடை போட்டுக் கலக்கணும், கண் அளவுல ஊத்தக் கூடாது. ஒட்டி இறுகினப்புறம் ஒரு ஓரத்துல வட்ட இரும்பு ஒட்டி இழுத்துப் பார்க்கற டெஸ்ட் இருக்கு, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 1.4 நியூட்டனுக்கு மேல தாங்கணும், விடும்போது கான்கிரீட்ல விடணும், பசையில விடக் கூடாது. அதைப் பார்த்துட்டுத்தான் மீதிப் பணம்னு ஒப்பந்தத்துலயே எழுதிடுங்க. இதுக்கு சம்மதிக்காத கம்பெனி நமக்கு வேண்டாம்.

அம்பது வருஷ கேரன்டி பேப்பரை நான் குறை சொல்லல, பத்திரமா வச்சுக்குங்க. நஹானி டிராப் ஒழுகினா செல்லாதுன்னு அதுல சின்ன எழுத்துல எழுதியிருக்காங்க, ரெண்டாம் பக்கம் கடைசியில, கண்ணாடி போட்டுப் படிங்க.

வர்ற ஞாயித்துக்கிழமை மீட்டிங்குக்கு நான் வர்றேன். ஒரு சின்ன சுத்தியல், பினாப்தலீன் பாட்டில், ஜன்னல்ல இருக்கற அந்தச் சில்லு, கூட எங்கப்பா. ஜல்லி சொருகின இடம் எதுன்னு காட்டறேன்னு அவரும் கிளம்பிட்டார். ஒரு ஏணி மட்டும் எடுத்து வச்சிருங்க அண்ணா, சேர் மேல ஏறினா மாஸ்டர் மறுபடி திட்டுவார்.